கவலைக்கு டோக்கன் வாங்கியவர்

ஸ்டோர்காரருக்கு மூன்றே வாக்கியங்கள்தான் தெரியும் என்று தொழிற்சாலையில் பேசிக்கொள்வார்கள். "டோக்கன் குடு." "இல்ல." "நாளைக்கு வா." இது அபாண்டம். நான்காவதாக ஒன்றும் வைத்திருந்தார்: "போன தடவை எடுத்தது எங்க?"

ஒரு லாரி உள்ளே புகுந்து திரும்பி வரக்கூடிய அளவுக்குப் பெரிய எஃகுத் தொட்டிகளைச் செய்கிற தொழிற்சாலை அது. கொட்டகையின் மூலையில், இரும்பு வலை அடித்த கவுன்டருக்குப் பின்னால் ஸ்டோர். சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு கருவியின் உருவமும் அதில் கறுப்புப் பெயின்டில் வரையப்பட்டிருக்கும். சுத்தியலின் உருவத்தின் மேல் சுத்தியல், ஸ்பானரின் உருவத்தின் மேல் ஸ்பானர். ஒவ்வொரு தொழிலாளியிடமும் தன் எண் குத்திய பித்தளை டோக்கன்கள் உண்டு. சுத்தியலை எடுத்தால் அது தொங்கிய ஆணியில் டோக்கன் தொங்கும். சுத்தியல் திரும்பி வந்தால் டோக்கன் திரும்பிப் போகும். பலகையை ஒருமுறை பார்த்தால் போதும், எந்தப் பொருள் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதைவிடத் தெளிவான ஏற்பாடு எதையும் மனித குலம் கண்டுபிடிக்கவில்லை என்பது ஸ்டோர்காரரின் எண்ணம். அரசாங்கங்களும் திருமணங்களும் குழம்பிக் கிடப்பதற்குக் காரணம் அங்கெல்லாம் பலகை இல்லாததுதான்.

வீட்டிலும் அதே சட்டம். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி இரவல் கேட்டு வந்தால் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த மனிதர் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஏணியில் நின்று பல்பு மாட்டுவதைத் தெருவே பார்த்திருக்கிறது.

மனைவி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "எங்க அப்பா என்னை உங்ககிட்ட ஒப்படைச்சப்போ நீங்க என்ன டோக்கன் வச்சீங்க?"

"உங்க அப்பா கேக்கல. கேட்டிருக்கணும். அது அவர் தப்பு."

"கேட்டிருந்தா?"

"வச்சிருப்பேன். இப்பக் கேட்டாலும் வைப்பேன்."

இதைக் காதல் வசனம் என்று எடுத்துக்கொள்வதா, பாத்திரத்தைத் தூக்கி வீசுவதா என்று அவர் முடிவு செய்வதற்குள் பால் பொங்கிவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரே ஒரு நண்பர், கிரேன் ஓட்டுபவர். கொட்டகையின் உச்சியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேனில் ஒட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக் கூண்டுதான் அவருடைய இடம். அதனால் மாடிவீட்டார் என்று பெயர். மதியச் சாப்பாட்டுக்கு அவர் ஏணி வழியாக இறங்கி வந்து, கவுன்டருக்கு வெளியே கவிழ்த்துப் போட்ட டிரம்மில் உட்காருவார். உள்ளே இவர், வெளியே அவர். பேச்சு கிடையாது. வலைக்கு அடியிலிருக்கும் சந்து வழியாக ஊறுகாய் கைமாறும். அந்தத் தொழிற்சாலையின் வரலாற்றில் டோக்கன் இல்லாமல் அந்தச் சந்து வழியாக வெளியே போன ஒரே பொருள் அந்த ஊறுகாய்தான்.

அந்த மாடிவீட்டார் கீழே இறங்குவதை நிறுத்திவிட்டார்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் ஏறுவார். மாலையில் எல்லோரும் போனபின் இறங்குவார். சாப்பாடு, டீ, கொட்டாவி எல்லாம் கூண்டிலேயே. யாராவது கீழேயிருந்து கூப்பிட்டால் ஹார்ன் அடிப்பார். "நல்லா இருக்கேன்" என்பதற்கும் "தள்ளிப் போ" என்பதற்கும் கிரேனில் ஒரே ஹார்ன்தான் என்பதால், அவரவர் விருப்பப்படி அர்த்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

காரணம் ஸ்டோர்காரருக்குத் தெரியும். ஒருநாள் காலை, கனமான இரும்புத் தகடு ஒன்று கொக்கியில் தொங்கிப் போய்க்கொண்டிருந்தபோது, வெல்டர் தரையிலிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி, அதன் நேர் அடியில் விசிலடித்தபடி நடந்து போனார். தகடு ஒரு பக்கம் சரிந்து ஆடியது. மாடிவீட்டார் நிறுத்தினார். ஆட்டம் அடங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. வெல்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாட்டின் சரணத்தில் இருந்தார். அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். மேலே அவர், வலைக்குப் பின்னால் இவர். அன்று மதியம் டிரம் காலியாகக் கிடந்தது. அதற்குப் பிறகும் காலியாகவே கிடந்தது.

என்னய்யா ஆச்சு என்று கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அந்தச் சாமான் அவர் ஸ்டோரில் இருப்பில் இல்லை. மேனேஜரிடம் சொல்லலாம். சொன்னால் மாடிவீட்டாரைத் "தற்காலிகமாக" இறக்கிவிடுவார்கள். அந்தத் தொழிற்சாலையில் தற்காலிகம் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். கேன்டீனின் தற்காலிகக் கூரையில் மரமே முளைத்திருந்தது. கிரேனிலிருந்து இறக்கப்பட்ட மாடிவீட்டார் யாராக இருப்பார் என்று ஸ்டோர்காரரால் யோசித்துப் பார்க்க முடியவில்லை. மாடிவீட்டாராலும் முடியாது என்பதுதான் விஷயமே.

இந்தச் சமயத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. ஊழியர்களின் மனநலத்தில் நிர்வாகம் மிகுந்த அக்கறை கொண்டிருப்பதால், ஒவ்வொரு கிளையிலும் உடனடியாக ஒரு மனநல முதலுதவியாளர் நியமிக்கப்பட வேண்டும். மேனேஜர் அதில் தனக்குப் புரிந்த ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டார்: முதலுதவி. முதலுதவிப் பெட்டி ஸ்டோரில் இருக்கிறது. முடிந்தது வேலை.

"சார், அது காயத்துக்கு உள்ள பெட்டி. இது மனசுக்கு."

"பெட்டி ஒண்ணுதானே?"

"மனசுக்கு அதுல ஒண்ணும் இல்ல சார். பஞ்சு இருக்கு."

"பஞ்சு போதும்யா. மென்மையா நடந்துக்கணும்னுதான் எழுதியிருக்காங்க."

வேறு நாளாக இருந்தால் தனது இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்திருப்பார். அன்று தலையைத் தூக்கி மேலே பார்த்தார். கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "சரி சார்" என்றார். மேனேஜர் பயந்துபோனார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவர் கேட்டதில்லை.

பயிற்சி ஒரு குளிர்சாதன அறையில் நடந்தது. பயிற்சியாளர் இளைஞர், சட்டைக் காலரில் மைக் குத்தியிருந்தார். எல்லோரையும் மூச்சு விடச் சொன்னார். அதுவரை விட்டுக்கொண்டிருந்தது சரியில்லையாம். பிறகு, நாம் அறிவுரை சொல்லக் கூடாது, காது கொடுத்துக் கேட்க வேண்டும், மனம்விட்டுப் பேசினாலே பாரம் இறங்கிவிடும் என்றார். ஸ்டோர்காரர் கையைத் தூக்கினார்.

"பேசிட்டு அவர் போயிட்டாரு. பாரம் இறங்கிடுச்சு. சரி. அது இப்போ யார்கிட்ட இருக்கும்?"

"அருமையான கேள்வி" என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் அடுத்த படத்துக்குப் போனார். அதில் ஒரு சூரியகாந்திப்பூ சிரித்துக்கொண்டிருந்தது.

முடிவில் ஒரு பச்சை மேல்சட்டை கொடுத்தார்கள். "என்னிடம் மனம்விட்டுப் பேசலாம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. முதுகில். அதாவது, அவர் உங்களைக் கடந்து போன பிறகுதான் அவரிடம் பேசியிருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியவரும்.

அதைப் போட்டுக்கொண்டு அவர் கேன்டீனில் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. அவரிடம் பேசுகிறவன் கோளாறு பிடித்தவன் என்று ஆகிவிடுமே என்ற பயத்தில், ஸ்பானர் கேட்கக்கூட ஆட்கள் ஜோடியாக வந்தார்கள், ஒருவருக்கொருவர் சாட்சியாக. ஒரு நாள் மாடிவீட்டார் படிக்கட்டும் என்று கிரேனுக்கு எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். முதுகைக் காட்டி நிற்பவரிடம் யார் மனம்விடுவார்கள்? ஹார்ன் வந்தது.

திருப்பம் இரும்பைக் கடையும் லேத் மிஷினிலிருந்து வந்தது. லேத்துக்காரர் கவுன்டருக்கு வந்து சும்மா நின்றார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"ஒண்ணும் இல்லன்னா நாளைக்கு வா."

லேத்துக்காரர் போகவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு என்கூடப் பேச மாட்டேங்குறாண்ணே. ஒரே வீடு. பக்கத்து ரூம்ல உக்காந்துக்கிட்டு, 'டிவி சத்தத்தைக் குறைக்கவும்'னு எனக்கு போன்ல அனுப்புறா. 'கவும்'! ஏதோ ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி."

ஸ்டோர்காரருக்கு வியர்த்தது. படித்ததெல்லாம் பறந்துவிட்டது, சூரியகாந்திப்பூ மட்டும் நினைவில் நின்றது. மூளை கைவிட்ட நேரத்தில் வாய் தன் பழைய பாதையில் ஓடியது.

"டோக்கன் குடு."

லேத்துக்காரரும் பழக்கதோஷத்தில் ஒரு டோக்கனை எடுத்து நீட்டிவிட்டார். இருவரும் அந்தப் பித்தளை வட்டத்தைப் பார்த்தார்கள். எந்தச் சாமானும் வெளியே போகவில்லை. ஆனால் டோக்கன் உள்ளே வந்துவிட்டது. ஸ்டோர்காரர் யோசித்தார். டோக்கன் என்றால் என்ன? பொருள் யாரிடம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். கவலை யாரிடம் இருக்கிறது? இவனிடம். ஆகவே இவன் டோக்கன் பலகையில் தொங்கத்தான் வேண்டும். தப்பே இல்லை.

எங்கே மாட்டுவது? பலகையின் ஓரத்தில், குழாய் திருகும் பைப் ரெஞ்சுகளின் உருவங்கள் வரிசையாக இருந்தன, சின்னதிலிருந்து பெரியது வரை. ரெஞ்சுகள் எப்போதோ காணாமல் போய்விட்டன. கறுப்பு உருவங்களும் ஆணிகளும் மட்டும் மிச்சம். நடுத்தர ரெஞ்சில் மாட்டினார்.

அந்த நேரம் பார்த்து வெல்டர் வந்தார். "அடடே, ரெஞ்சு வந்துடுச்சா?"

"ரெஞ்சு இல்ல. இவன் கவலை."

வெல்டர் எதற்கும் ஆச்சரியப்படுகிற ஜாதி இல்லை. "கனமாண்ணே?"

"நடுத்தரம்."

"எனக்கு இன்னைக்கு வேலை லைட்டுதான். சாயங்காலம் வரைக்கும் நான் வச்சுக்கட்டுமா?"

ஒருவர் எடுத்த கருவியை ஷிஃப்ட் நடுவில் இன்னொருவர் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. ஸ்டோர்காரர் வெல்டரின் டோக்கனை மாட்டி, லேத்துக்காரரின் டோக்கனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "இனி இது உன் பேர்ல இல்ல. சாயங்காலம் வந்து வாங்கிக்கோ."

"அதுவரைக்கும் நான் என்னண்ணே பண்றது?"

"வேலையைப் பாரு."

லேத்துக்காரர் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். நடையில் ஒரு மாற்றம் தெரிந்தது. கடன் வாங்கிய சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்து போகிறவனின் நடை.

வெல்டர் நாணயமானவர். எடுத்த பொருளை உபயோகிக்காமல் வைத்திருக்கத் தெரியாது. மகளோடு சண்டை வந்த கதையை லேத்துக்காரரிடம் முழுசாகக் கேட்டுக்கொண்டு, முகமூடிக்குள் நாள் முழுக்கக் கவலைப்பட்டார். மாலையில் லேத்துக்காரரிடம் வந்து, "யோசிச்சுப் பார்த்தேண்ணே. தப்பு உங்க மேலதான். அவ தலைமுடியை வெட்டிக்கிட்டு வந்தப்போ நீங்க சிரிச்சிருக்கக் கூடாது" என்றார்.

லேத்துக்காரர் எகிறினார். "கவலைப்படச் சொன்னா தீர்ப்பா சொல்றே?"

ஸ்டோர்காரர் குறுக்கிட்டார். "எடுத்த சாமானை எடுத்த மாதிரியே திருப்பணும். ஒட்டு வேலை, வெட்டு வேலை எல்லாம் கூடாது."

ஆனாலும் மறுநாள் லேத்துக்காரர் மறுபடி வந்து நின்றார். பின்னால் ஒரு வரிசை நின்றது.

இப்படித்தான் அந்தத் தொழிற்சாலையில் கவலைக்குப் பைப் ரெஞ்சின் வடிவம் வந்தது. யாரும் யாரிடமும் மனநலம் பற்றிப் பேசவில்லை. "என்னப்பா, இன்னைக்கு ரெஞ்சு எந்த சைஸு?" என்றுதான் கேட்டார்கள். பெரும்பாலோர் அடக்கமானவர்கள், தன்னுடையது பெரியதற்கு ஒரு சைஸ் கம்மிதான் என்றார்கள். மிகப் பெரிய ரெஞ்சின் ஆணி காலியாகவே இருந்தது.

புகார்களும் வந்தன. "அண்ணே, என் கவலையை எடுத்துட்டுப் போனவன் கேன்டீன்ல சிரிச்சிட்டிருந்தானாம். பொறுப்பில்லாதவன்கிட்ட ஏன் குடுக்குறீங்க?" என்று ஒரு பெயின்டர் சண்டைக்கு வந்தார். சிரித்தவர் கூப்பிட்டு எச்சரிக்கப்பட்டார். இன்னொருவர் அடுத்தவரின் மாமியார் பற்றிய கவலையை வாங்கிக்கொண்டு போய், அவ்வளவு ஈடுபாட்டோடு செய்து, சாயங்காலம் திருப்பித் தர மனமில்லாமல் நின்றார். "இன்னும் ஒரு நாள் வச்சுக்கிறேண்ணே. கதை பாதியில நிக்குது."

மேனேஜர் விசாரணைக்கு வந்தார். இதெல்லாம் என்ன கேலிக்கூத்து, பலகையை உடனே காலி செய்யுங்கள் என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"அந்த ரெண்டாவது சைஸு... காலியா?"

"உங்ககிட்ட டோக்கன் கிடையாதே சார்."

மேனேஜர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினார். தலைமை அலுவலகத்திலிருந்து வருகிற கடிதம் எதுவுமே அவருக்குப் புரிவதில்லை. வெகுகாலமாக எல்லாவற்றுக்கும் "கவனிக்கப்பட்டது" என்று பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். என்றைக்காவது ஒருநாள், எதைக் கவனித்தாய் என்று கேட்டுவிட்டால்? அந்தக் கவலையையும் வெல்டர்தான் எடுத்துக்கொண்டார். அன்று மாலை வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புருவத்தை நெரித்தபடி முற்றத்தில் உலாவினார். உள்ளே மேனேஜர் பாடிக்கொண்டே கோப்புப் பார்த்தார்.

இத்தனையையும் மேலேயிருந்து ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கூண்டிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். யார் யாருடைய முகத்தை வைத்துக்கொண்டு நடக்கிறார் என்பதுகூட.

ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்து மிஷின்கள் ஓய்ந்த நேரத்தில், மேலே கிரேன் நகர்ந்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். தூக்குவதற்குச் சுமை எதுவும் இல்லை. கிரேன் மெதுவாக ஸ்டோர் பக்கம் வந்து நின்றது. கொக்கி இறங்கியது. முழுத் தொட்டியையே தூக்கக்கூடிய கொக்கி. மனிதன் உட்கார்ந்து ஊஞ்சலாடலாம் போன்ற தடிமன். அது கவுன்டருக்கு எதிரே, ஆள் மார்பு உயரத்தில் வந்து, ஒரு நடுக்கம்கூட இல்லாமல் நின்றது. கொக்கியின் நுனியில் நூலில் கட்டிய ஒரு பித்தளை டோக்கன்.

கேன்டீனுக்குப் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஸ்டோர்காரர் கதவைத் திறந்து வெளியே வந்தார். டோக்கனை அவிழ்த்தார். மேலே பார்த்தார். பிறகு, அவர் மூட்டு வலியை நன்கறிந்த அத்தனை பேரும் பார்த்திருக்க, ஏணியில் ஏறத் தொடங்கினார்.

கூண்டில் ஒருவர் உட்காரத்தான் இடம். இவர் வாசலில் மடங்கி உட்கார்ந்துகொண்டார்.

"எதுக்குய்யா ஏறினே? முட்டி கழண்டு போச்சுன்னு சொல்லிட்டிருப்பியே."

"சாமானைப் பார்க்காம டோக்கன் வாங்க முடியாது."

மாடிவீட்டார் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "எதைத் தூக்கினாலும் அடியில ஒருத்தன் நிக்கிறான்யா. தொப்பி தெரியுது. நிறுத்திப் பார்த்தா ஆள் இல்ல. மறுபடி தூக்கினா நிக்கிறான். கீழ இறங்கினா எல்லாரோட முகத்தையும் பார்க்கணும். எந்த முகம் அந்தத் தொப்பிக்குப் பொருந்தும்னு தேட ஆரம்பிச்சிடுவேன். அதான் இறங்கல."

"தூக்கம்?"

"கண்ணை மூடினா தகடு ஆடுது."

"அன்னைக்கு நானும் பார்த்தேன்."

"தெரியும். நீ பார்த்ததை நான் பார்த்தேன்."

"கேட்டிருக்கணும் நான்."

"கேட்டா? ஹார்ன் அடிச்சிருப்பேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வெளிய தெரிஞ்சா இறக்கிடுவாங்கய்யா. இதை விட்டா எனக்கு என்ன தெரியும்? தரையில நடக்கவே எனக்குச் சரியா வராது" என்றார்.

ஸ்டோர்காரர் அறிவுரை சொல்லவில்லை. பயிற்சியில் சொன்னதற்காக அல்ல, அவரிடம் இல்லை. "இன்னைக்கு இது என் பேர்ல இருக்கட்டும்" என்றார். "அடியில ஆள் இருக்கானா இல்லையான்னு கவலைப்படுறது இனிமே என் வேலை. நான் கையைத் தூக்கினா நீ தூக்கு. தூக்கலன்னா நீ சும்மா உக்காரு. நீயா ஒண்ணும் பார்க்கக் கூடாது. உன்கிட்ட அந்தச் சாமான் இல்ல இப்போ."

இறங்கி வந்தவருக்கு ஒரு சிக்கல். கருவி எடுப்பவர் டோக்கன் மாட்ட வேண்டும். ஸ்டோர்காரர் வாழ்நாளில் எதையும் எடுத்ததில்லை என்பதால் அவருக்கென்று டோக்கனே கிடையாது. கொஞ்ச நேரம் தன்னைத்தானே தடவிப் பார்த்துவிட்டு, பச்சை மேல்சட்டையைக் கழற்றி மிகப் பெரிய ரெஞ்சின் ஆணியில் மாட்டினார். அதன் முதுகு எழுத்து முதல்முறையாக எல்லோருக்கும் நேராகத் தெரிந்தது.

பிறகு ஸ்டோரைப் பூட்டினார். மஞ்சள் கோட்டின் ஓரத்தில் போய் நின்று, கையைத் தூக்கினார்.

மேனேஜர் ஓடி வந்தார். "ஸ்டோரைப் பூட்டிட்டு இங்க என்னய்யா நிக்கிறீங்க?"

"கவலைப்பட்டுட்டிருக்கேன் சார்."

"எதைப் பத்தி?"

"சொல்ல முடியாது சார். என் பேர்ல இருக்கு, ஆனா என்னோடது இல்ல."

ரெண்டாவது சைஸ்காரரான மேனேஜருக்கு அது புரிந்தது. "சரி, சரி. கவலைப்படுங்க" என்று சொல்லிவிட்டு ஓசைப்படாமல் நகர்ந்தார்.

அந்தக் கவலை நிஜமாகவே பெரிய சைஸ். சாயங்காலம் ஆவதற்குள் ஸ்டோர்காரருக்கே தகட்டின் அடியில் ஒரு தொப்பி தெரிவதுபோல இருந்தது. இரண்டு தடவை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெல்டர் அருகில் வந்தார்.

"அண்ணே, முகமே சரியில்ல. என் பேருக்கு மாத்துங்க. யாரோடது? மாடிவீட்டாரோடதா? என்னவாம்?"

ஸ்டோர்காரர் நண்பரை நிமிர்ந்து பார்த்தார். மேலே தலை லேசாக அசைந்தது. தகடு ஆடிய கதையைச் சொன்னார்.

"அட, எந்தக் கழுதைண்ணே அது? தலைக்கு மேல தகடு போகுது, அண்ணாந்து பார்க்காமக்கூடவா ஒருத்தன் நடப்பான்?"

"நீதான்."

வெல்டர் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் ஆகலையேண்ணே?" என்று ஸ்டோர்காரரிடமே கேட்டார்.

"ஆகல."

வெல்டர் தொப்பியைக் கழற்றினார். ஏணியின் அடியில் போய் நின்று, கூண்டைப் பார்த்துக் கத்தினார்: "மாமா! நான்தான்! நல்லா இருக்கேன்! பாருங்க!" சொல்லிவிட்டு, தான் நல்லா இருப்பதை நிரூபிக்க இரண்டு கைகளையும் ஆட்டிக் குதித்தும் காட்டினார். பார்த்தவர்களுக்கு அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றியது. மேலேயிருந்து ஹார்ன் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மாடிவீட்டார் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

அன்று கிரேன் அதோடு நின்றது. அவர் எல்லோரும் இருக்கும்போதே இறங்கினார். ஆட்கள் அவரைப் பார்க்காததுபோல் பாவனை செய்வதற்காக, ஓடாத மிஷின்களில் எல்லாம் வேலை செய்தார்கள்.

டிரம்மில் உட்கார்ந்தவரிடம் ஸ்டோர்காரர் சொன்னார். "இது நம்மகிட்ட ரிப்பேர் ஆகுற சாமான் இல்லய்யா. கையை மாத்தி மாத்தி வச்சுக்கலாம், அவ்வளவுதான். வெளிய அனுப்பணும். டாக்டர்கிட்ட."

"வெளிய அனுப்பினது எதுய்யா திரும்பி வந்திருக்கு?"

"அளவு பார்க்குற கேஜ் எல்லாம் வருஷா வருஷம் போயிட்டு வருதே. சரி பண்ணி, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புறாங்க."

"என் நெத்தியில ஸ்டிக்கர் ஒட்டுவாங்களா?"

"ஒட்டினா நான் உரிச்சு விடுறேன்."

"அதுக்குள்ள கிரேனை வேற எவனுக்காவது குடுத்துடுவாங்க."

ஸ்டோர்காரர் உள்ளே போய், கிரேன் சாவியின் ஆணியில் மாடிவீட்டாரின் டோக்கனை மாட்டினார். சட்டப்படி அந்தச் சாவி இப்போது அவரிடம்தான் இருக்கிறது. மாற்று ஆள் வரலாம், ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு காலையும் மாடிவீட்டாரிடமிருந்து இரவல் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும், மாலையில் திருப்பித்தான் தர வேண்டும். மேனேஜர் இந்த ஏற்பாட்டை முழுசாக எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்: கிரேன் ஓட்டுநர் சிகிச்சைக்குப் போகிறார், குணமானதும் அதே கிரேனுக்குத் திரும்புவார், இடையில் கிரேன் அவரிடமே இருக்கும். எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வந்தது. "கவனிக்கப்பட்டது."

அங்கேயும் யாரோ ஒருவர் அவரைப்போலவே உட்கார்ந்திருக்கிறார் என்று அன்றுதான் மேனேஜருக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் அந்தக் கடிதத்தை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். டாக்டர் அம்மா நிதானமானவர். "யாருக்குப் பிரச்சினை?" என்று கேட்டார்.

"பிரச்சினை இப்போ என் பேர்ல இருக்கு டாக்டர்" என்றார் ஸ்டோர்காரர். "ஆனா சாமான் இவரோடது."

டாக்டர் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இன்னொரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "ரெண்டு பேருமே உக்காருங்க" என்றார்.

மாடிவீட்டார் திரும்பி வர நாளாயிற்று. மருந்து, பேச்சு, மறுபடி பேச்சு. அந்த இடைவெளியில் மிகப் பெரிய ரெஞ்சின் ஆணியில் தினமும் ஒருவருடைய டோக்கன் தொங்கியது. அன்றைக்கு டோக்கன் மாட்டியவர் மஞ்சள் கோட்டின் ஓரத்தில் நின்று, மாற்று ஆளின் தகட்டுக்கு அடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடியில் யாரும் போகவில்லை.

திரும்பி வந்த காலையில், டாக்டர் அம்மாவின் கடிதத்தை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, கவுன்டரில் சாவி வாங்கிக்கொண்டு ஏறினார். முதல் தூக்கு ஒரு சாதாரணத் தகடு. கொட்டகையில் எல்லா மிஷின்களும் தற்செயலாக ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. ஸ்டோர்காரர் கீழே நின்று கையைத் தூக்கினார். தகடு தரையை விட்டு எழுந்தது. கொஞ்ச தூரம் போனது. நின்றது.

கூண்டின் கண்ணாடி திறந்தது. மாடிவீட்டாரின் தலை வெளியே வந்து, கீழே வெகுநேரம் உற்றுப் பார்த்தது. யாரும் மூச்சு விடவில்லை.

"அங்க ஒரு ஆள் நிக்கிறான்யா" என்றார் மாடிவீட்டார்.

ஸ்டோர்காரர் தகட்டின் அடியை எட்டிப் பார்த்தார். "எங்கய்யா?"

"கோட்டு மேல. நீதான்யா அது! பெரிசா கையைத் தூக்கிக்கிட்டு, காலை எங்க வச்சிருக்கே பாரு!"

ஸ்டோர்காரர் குனிந்து பார்த்தார். ஷூவின் முனை மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நுழைந்திருந்தது. பின்னால் நகர்ந்தார்.

"இன்னும் தள்ளு... இன்னும்... ஆங், அங்கேயே நில்லு. ஒரு மனுஷனை நிம்மதியா வேலை பார்க்க விடுறானுங்களா பாரு."

கண்ணாடி மூடியது. தகடு நகர்ந்தது.